ஓய்வு பெறும் ரயிலுக்கு எதற்குப் பெயின்ட்?

(நமது சங்கத்தின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் இங்கே சர்க்கரை நோயைப் பற்றிக் கேட்டோம். அதற்கு முந்தைய மாதம் உயில் எழுதுவது எப்படி என்று கேட்டோம். இரண்டு கூட்டத்துக்கும் பிறகு சரியாகத் தூக்கம் வரவில்லை என்று சிலர் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இந்த மாதம் பயமுறுத்தாத தலைப்பாக ஒன்று வேண்டும் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று வங்கிக் கணக்கு, இன்னொன்று ரயில். முதலாவதைப் பேசினால் நீங்கள் இங்கேயே தூங்கிவிடுவீர்கள். எனவே ரயில். ஆனால் கணக்கும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில நாடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. முப்பது நாற்பது வருடம் ஓடிய ஒரு ரக ரயிலை விலக்கிக்கொள்ளப் போகிறார்கள் என்றால், அதில் ஒன்றிரண்டு வண்டிகளை மட்டும் எடுத்து, இப்போதிருக்கும் நிறத்தைச் சுரண்டிவிட்டு, அது புதிதாக வந்தபோது எந்த நிறத்தில் வந்ததோ அதே நிறத்தைப் பூசி, கடைசிக் காலத்தில் ஓட விடுகிறார்கள். ரயிலின் நிறத்துக்கு ஆங்கிலத்தில் லிவரி என்று பெயர். பிரபுக்கள் வீட்டு வேலைக்காரர்களின் சீருடைக்கு இருந்த சொல் அது. இன்ன வீட்டு ஆள் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்கான உடை. ஆக, ஓய்வு பெறப் போகிறவருக்கு வேலைக்குச் சேர்ந்த நாளின் சீருடையை மறுபடி மாட்டி விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் செலவு செய்வது தகுமா, தகாதா என்பதுதான் கேள்வி.

என் மாதிரி காமர்ஸ் படித்தவனிடம் கேட்டால், முதலில் வாயில் வருகிற பதில் 'தகாது'. காரணம் சொல்கிறேன். வங்கியில் ஒவ்வொரு மேசை நாற்காலியும் ஒரு ரிஜிஸ்டரில் இருக்கும். வருடா வருடம் தேய்மானம் கழித்துக்கொண்டே வருவோம். முழுக்கக் கழிந்த பிறகும் பொருள் அங்கேயேதான் நிற்கும். அதைப் பூஜ்யம் என்று எழுதினால் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும் என்பதற்காக, ஒரு ரூபாய் என்று எழுதி வைப்போம். எங்கள் கிளையில் ஒரு இரும்பு பீரோ ஒரு ரூபாய் மதிப்பில் பல வருடம் நின்றது. அதற்கு யாராவது பெயின்ட் அடிக்கச் செலவு எழுதியிருந்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? நாற்பது வருடம் ஓடிய ரயிலும் கிட்டத்தட்ட அந்த ஒரு ரூபாய் பீரோதான். அடுத்த வருடம் உடைக்கப் போகிற இரும்பு.

அதுவும் ரயிலுக்குப் பெயின்ட் அடிப்பது நம் வீட்டு கேட்டுக்கு அடிப்பது போல இல்லை. பழைய பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும். தேய்த்தால் அடியில் ஒளிந்திருக்கும் துரு எல்லாம் வெளியே வரும், அதைச் சரி செய்ய வேண்டும். பிறகு பட்டி, பிரைமர், அதன்மேல் நிறம், கோடுகள், எழுத்துகள். பெயின்ட் விலையைவிட ஆள் கூலியும், வண்டி ஓடாமல் ஷெட்டில் நிற்கிற நாட்களும்தான் பெரிய செலவு. இப்போது பல இடங்களில் பூசுவதற்குப் பதில் வினைல் தாளையே ஒட்டிவிடுகிறார்கள், ஆட்டோவில் விளம்பரம் ஒட்டுகிற மாதிரி. அது கொஞ்சம் சுலபம்.

(இந்த இடத்தில் முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கவலைப்பட வேண்டாம், நம் கட்டடத்து வெளிப்பூச்சுப் பிரச்சினைக்குள் நான் போகப் போவதில்லை என்று சொன்ன பிறகுதான் சிரித்தார்கள்.)

இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்பதற்கு இங்கிலாந்தின் ஒரு ரயிலைச் சொல்கிறேன். 'இன்டர்சிட்டி 125' என்று பெயர். மணிக்கு 125 மைல், அதாவது 200 கிலோமீட்டர் வேகம். 1976 அக்டோபர் 4-ம் தேதி லண்டன் பாடிங்டனிலிருந்து பிரிஸ்டலுக்கும் சவுத் வேல்ஸுக்கும் இது ஓடத் தொடங்கியது. மின்சாரப் பாதை போடப் பணமில்லாத நேரம் அது. இருக்கிற பாதையில், டீசலிலேயே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு இன்ஜினை வைத்து அந்த வேகத்தை எட்டினார்கள். மொத்தம் 197 இன்ஜின்கள் கட்டினார்கள். 1987-ல் இந்த வண்டி ஒரு சோதனை ஓட்டத்தில் மணிக்கு 148.5 மைல் தொட்டது. 239 கிலோமீட்டர். டீசல் வண்டிக்கு அது உலக சாதனை.

இதில் பெயின்ட் சம்பந்தமான ஒரு கதை உண்டு. கென்னத் கிரேஞ்ச் என்று ஒரு வடிவமைப்பாளர். கென்வுட் மிக்ஸர், கோடக் கேமரா எல்லாம் வடிவமைத்தவர். பிரிட்டிஷ் ரயில்வே அவரைக் கூப்பிட்டது வண்டிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று சொல்வதற்கு மட்டும்தான். மனிதருக்கு வண்டியின் மூக்கே பிடிக்கவில்லை. யாரும் கேட்காமலே, காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து, முன்பக்கத்தின் வடிவத்தையே மாற்றிக் கொண்டுவந்து காட்டினார். அந்தக் கூர்மூக்குதான் பிறகு அந்நாட்டு ரயிலின் முகமாக ஆனது. முகத்தில் மஞ்சள், பக்கவாட்டில் நீலமும் மஞ்சளும், பெட்டிகளில் நீலமும் சாம்பலும். மஞ்சளை அழகுக்காக மட்டும் வைக்கவில்லை. தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தூரத்திலேயே வண்டி வருவது தெரிய வேண்டும் என்பதற்காக அந்த நாட்டில் வண்டிகளின் முகத்தில் மஞ்சள் பூசுவது வழக்கமாக இருந்தது.

2018-ல் ரெடிங் என்ற ஊரில் என் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். அந்த ஸ்டேஷன் வழியாகத்தான் இந்த வண்டிகள் போகும். மாப்பிள்ளை வேலைக்குப் போனதும் நானும் ஒரு தண்ணீர் பாட்டிலுடன் பிளாட்பாரத்துக்குப் போய்விடுவேன். அந்த வண்டியின் கதவைத் திறக்கிற விதமே தமாஷ். உள்ளே கைப்பிடி கிடையாது. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பக்கக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். நம் ஊரில் கையை வெளியே நீட்டாதே என்று எழுதி வைப்பார்கள், அங்கே நீட்டினால்தான் இறங்க முடியும்!

அப்போது ஒரு நாள் 43002 என்ற எண் கொண்ட இன்ஜின் வந்து நின்றது. சுற்றி இருந்த வண்டிகள் எல்லாம் கம்பெனியின் பச்சையிலும் ஊதாவிலும் இருக்க, இது மட்டும் 1976-ன் மஞ்சள் நீலத்தில் பளிச்சென்று. வண்டி ஓடத் தொடங்கி நாற்பது வருடம் ஆனதை ஒட்டி, 2016-ல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே அதற்குப் பழைய நிறத்தைப் பூசி, கென்னத் கிரேஞ்சின் பெயரையே சூட்டியது. அவரே பிரிஸ்டலுக்கு வந்து பெயர்ப்பலகையைத் திறந்து வைத்தார். அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த இன்ஜின் மற்றவற்றைப் போலவே தினசரி வேலை பார்த்தது. 2019 மே மாதம் அந்தப் பாதையில் நீண்டதூர வண்டிகளாக இவை ஓடுவது நின்றது. அதே வருடம் 43002 யார்க் நகரத்து தேசிய ரயில்வே மியூசியத்துக்குப் போனது.

இப்போது கணக்கை மறுபடி போடுங்கள். பூசிய பெயின்ட் மூன்று வருடம் வேலைக்கு உழைத்தது. பிறகு மியூசியத்துக்கும் அதே பெயின்ட்டுடன் போனது. ஒரே செலவு, இரண்டு வரவு. எந்த ஆடிட்டர் கேட்டாலும் நான் பதில் சொல்லிவிடுவேன்.

இதோடு இன்னொன்றைப் பாருங்கள். அங்கே ரயில்களைத் தனியார் கம்பெனிகள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓட்டுகிற கம்பெனி வேறு, வண்டிக்குச் சொந்தக்காரர் வேறு. எல்லாம் லீஸ். ஒப்பந்தம் கை மாறும்போதெல்லாம் நிறமும் மாறும். ஒரே இன்ஜின் தன் வாழ்நாளில் ஐந்தாறு சட்டை போட்டிருக்கும். அந்தப் பெயின்ட்டுக்கெல்லாம் யாரும் 'தகுமா' என்று கேட்டதில்லை, அது வியாபாரம் என்று விட்டுவிட்டார்கள். வண்டியின் சொந்த நிறத்தைத் திரும்பப் பூசும்போது மட்டும் சிக்கனம் ஞாபகத்துக்கு வருகிறது.

இதே ரக வண்டியை அந்நாட்டின் கிழக்குக் கடற்கரைப் பாதையில் ஓட்டியது எல்என்இஆர் என்ற நிறுவனம். அவர்களும் விடை கொடுத்தார்கள். 2019 டிசம்பரில் ஒரு முழு வண்டிக்குப் பழைய நிறம் பூசி, 18 முதல் 21-ம் தேதி வரை நான்கு நாள் விடைபெறும் பயணம் நடத்தினார்கள். பார்க்க அற்புதம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஏறியவர்கள் அதற்கென்றே தனி டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்கள். இருபது வருடம் அந்த வண்டியில் வேலைக்குப் போய் வந்த ஒரு குமாஸ்தா அதைப் பார்த்திருந்தால், அவர் அந்த நேரம் அந்த ஸ்டேஷனில் இருந்ததால்தான் பார்த்திருப்பார். எனக்கு 43002 செய்த காரியம்தான் பிடிக்கிறது. அவசரமாக ஆபீஸ் போகிறவன் தற்செயலாக நிமிர்ந்து பார்த்து, 'அட, இது நான் காலேஜ் போன வண்டி அல்லவா' என்று நினைக்க வேண்டும். அதற்குத் தனி டிக்கெட் போடக் கூடாது.

வங்கியில் ஓய்வு பெறுகிற அன்று சால்வை போர்த்துவார்கள். வாங்கியவன் என்கிற முறையில் சொல்கிறேன், நல்ல சால்வைதான். அது வங்கிக்கு ஒரு பைசா லாபம் தராது, அதனால் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கடைசி நாள் மாலை ஐந்தரை மணிக்கு, எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது போர்த்துகிறார்கள் பாருங்கள், அங்கேதான் சுவை குறைகிறது. நம் ஆட்கள் அறுபதாம் கல்யாணத்தை அறுபது முடிந்த கையோடு செய்துவிடுகிறார்கள், தொண்ணூறு வரை காத்திருப்பதில்லை. பட்டுப்புடவையும் மாலையும் நடமாடிக்கொண்டு இருக்கும்போதே.

ரயில் விஷயத்தில் இதை ஜப்பான்காரர்கள் புரிந்து வைத்திருக்கிறார்கள். ஒகயாமாவிலிருந்து இசுமோ நகருக்கு மலைகளின் குறுக்கே 'யாகுமோ' என்று ஒரு எக்ஸ்பிரஸ் போகிறது. அதில் 381 ரக வண்டிகள் 1982-லிருந்து ஓடின. வளைவில் வேகம் குறைக்காமல் போவதற்காக, பெட்டியே ஒரு பக்கம் சாயும்படி செய்த வண்டி. ஊஞ்சல் மாதிரி தானாகச் சாயும், தானாக நிமிரும். விளைவு என்ன தெரியுமா? பயணிகளுக்குத் தலைசுற்றல், வாந்தி. வண்டியிலேயே அதற்குப் பைகள் வைத்திருந்தார்கள். பெட்டிகளைப் புதுப்பித்து 'யுத்தரி யாகுமோ', அதாவது நிதானமான யாகுமோ என்று பெயர் வைத்தார்கள். ஜனங்கள் அதை 'குத்தரி ஹகுமோ' என்று மாற்றிவிட்டார்கள். 'குத்தரி' என்றால் துவண்டு போவது, 'ஹகு' என்றால் வாந்தி எடுப்பது!

அப்படிப்பட்ட வண்டிக்குத்தான் அவ்வளவு மரியாதை. யாகுமோ எக்ஸ்பிரஸுக்கு ஐம்பது வருடம் நிறைவதை ஒட்டி 2022 மார்ச்சில் ஒரு வண்டிக்குப் பழைய தேசிய ரயில்வேயின் பாலேடு நிறமும் சிவப்பும் பூசினார்கள். 2023 பிப்ரவரியில் இன்னொன்றுக்கு 1990-களின் ஊதா. நவம்பரில் மற்றொன்றுக்குப் பச்சை. அது எந்தெந்த நிறத்தில் ஓடியதோ, அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். முக்கியமான விஷயம், அவை தினசரி அட்டவணையில் ஓடிய சாதாரண வண்டிகள். சிவப்பு வண்டி எந்தெந்த நேரத்துக்கு வரும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். அதே கட்டணம். பாட்டி வீட்டுக்குப் போகிற பிள்ளையும் அதில் ஏறலாம், கேமராக்காரரும் ஏறலாம். 2024 ஏப்ரலில் புது வண்டிகள் வந்தன, ஜூனில் பழையவை தினசரி ஓட்டத்திலிருந்து விலகின. புது வண்டியில் சாய்வைக் கட்டுப்படுத்தும் முறையை மாற்றித் தலைசுற்றலையும் குறைத்திருக்கிறார்கள். ஆக, பழையதைக் கொண்டாடினார்கள், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

அதே ஜப்பானில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் நடந்தது. 1982-ல் வந்த 200 ரக புல்லட் ரயிலுக்கு வெள்ளையில் பச்சைப் பட்டை இருந்தது. அந்த ரகம் 2013-லேயே போய்விட்டது. 2022-ல் ஜப்பானிய ரயிலின் 150-வது ஆண்டுக்காக, அந்தப் பச்சையை இ2 என்ற வேறொரு ரக வண்டிக்குப் பூசினார்கள். இ2 அந்தச் சட்டையை ஒரு நாளும் போட்டதில்லை. மாமனார் வேட்டியை மாப்பிள்ளை கட்டிக்கொண்டு, பழைய மாமனாரைப் பாருங்கள் என்று நிற்கிற மாதிரி. கூட்டம் என்னவோ அதற்கும் வந்தது.

'அப்படியானால் 43002 மட்டும் உண்மையா?' என்று சி பிளாக் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே மடக்கினார். நியாயமான கேள்வி. வெளியே 1976, உள்ளே பார்த்தால் ஜெர்மனியின் எம்டியு இன்ஜின். முதலில் இருந்தது பாக்ஸ்மன் வாலன்டா என்ற இன்ஜின். அது கிளம்பும்போது எழுப்பும் கூச்சல் ஊருக்கே தெரியும். பெயின்ட் அந்தச் சத்தத்தைக் கொண்டுவராது. இதை மறைத்தால் தவறு, மியூசியத்தில் எழுதி வைத்தால் போதும். நாமும்தான் பைபாஸ், ஸ்டென்ட், முழங்கால் மாற்று என்று பல உதிரி பாகங்களோடு பழைய போட்டோ ஆல்பத்தைப் புரட்டுகிறோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். லண்டனில் விலக்கப்பட்ட இந்த வண்டிகளில் சிலவற்றை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோய்ப் புதுப்பித்து ஓட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 12-ம் தேதி கார்மன்ட் என்ற இடத்தில், பெருமழையில் ஒரு வடிகாலிலிருந்து அடித்து வந்த கற்கள் தண்டவாளத்தில் கிடக்க, அதில் மோதி வண்டி தடம் புரண்டது. ஓட்டுநர், நடத்துநர், ஒரு பயணி என மூன்று பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் வடிகால்தான், வண்டி அல்ல. ஆனால் விசாரணை அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. மோதலைத் தாங்கும்படி வண்டிகளைக் கட்ட வேண்டும் என்கிற இன்றைய விதிகள் வருவதற்கு முன்னால் வடிவமைக்கப்பட்ட வண்டி இது. நவீன வண்டியாக இருந்திருந்தால் பாதிப்பு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், பழைய நிறத்துக்கு ஒரு மயக்கம் உண்டு. பளபளவென்று நிற்கும் வண்டியைப் பார்த்தால் 'இன்னும் பத்து வருடம் ஓடும் போலிருக்கிறதே' என்று தோன்றும். பெயின்ட் அப்படி ஒரு பொய்யைச் சொல்ல ஆரம்பித்தால் அந்தச் செலவு ஒரு ரூபாயாக இருந்தாலும் தண்டம். விலகும் தேதியைக் குறித்துவிட்டுப் பூச வேண்டும். தேதியைத் தள்ளிப் போடுவதற்காகப் பூசக் கூடாது.

விபத்து என்றதும் இன்னொன்று. 43198 என்பதுதான் இந்த ரகத்தில் கடைசி எண். அதற்கு இரண்டு பெயர்ப்பலகைகள் வைத்தார்கள். ஒன்றில் பிரையன் கூப்பர், மற்றதில் ஸ்டான் மார்ட்டின். 1999-ல் லாட்பிரோக் குரோவ் விபத்திலும், 2004-ல் அஃப்டன் நெர்வெட் விபத்திலும் இறந்த இரண்டு ஓட்டுநர்கள். ஓடத் தொடங்கிய நாளின் அழகை மட்டும் திரும்பப் பூசிவிட்டு நடுவில் நடந்ததை மறந்துவிடவில்லை.

சரி, நம் கதைக்கு வருகிறேன். பெரம்பூர் ஐசிஎஃப் 1955 அக்டோபர் 2-ம் தேதி திறக்கப்பட்டது. சுவிஸ் தொழில்நுட்பத்தில் அங்கே செய்த பெட்டிகளில்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். பெண் பார்க்கப் போனது, வேலை மாற்றலுக்கு மூட்டை கட்டியது, அப்பாவின் அஸ்தியை எடுத்துப் போனது, எல்லாம் அந்தப் பெட்டியில்தான். முதலில் செம்மண் மாதிரி ஒரு பழுப்புச் சிவப்பு. 1990-களில் நீலம் வந்தது. 2018 ஜனவரியில் அந்த வடிவத்தில் கடைசிப் பெட்டி வெளியே வந்தது. இப்போது புதிதாக வருவது ஜெர்மன் வடிவமைப்பில் எல்எச்பி பெட்டிகள். அவை பாதுகாப்பானவை, மோதினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. மாற்றுவது சரிதான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பழைய பெட்டிகள் என்ன ஆகின்றன? சிலவற்றின் ஜன்னல்களை அடைத்து, கோடியில் கதவு வைத்து, கார் ஏற்றிப் போகும் சரக்கு வண்டிகளாக மாற்றுகிறார்கள். சில ஸ்டேஷன் வாசலில் ஹோட்டலாக நிற்கின்றன, உள்ளே மசால் தோசை கிடைக்கும். மற்றவை உடைப்புக்கு. கார் ஏற்றுவது எனக்குச் சந்தோஷமே, உழைக்கிற வரை உழைக்கட்டும். ஹோட்டல் பெட்டிகளுக்குத்தான் கண்ட கண்ட நிறமும் பூக்களும் வரைகிறார்கள். அங்கே எப்படியும் பெயின்ட் செலவு இருக்கிறது, அந்தச் செம்மண் நிறத்தையே அடித்தால் கூடுதலாக என்ன ஆகிவிடப் போகிறது?

என் ஆசை அதைவிடக் கொஞ்சம் பெரியது. மீதமிருக்கும் ஐசிஎஃப் பெட்டிகள் முழுக்கப் போவதற்குள், பெயின்ட் அடிக்க எப்படியும் ஒர்க்ஷாப்புக்கு வருகிற ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்தச் சிவப்பைப் பூசட்டும். விழா வேண்டாம், மந்திரி வேண்டாம், கொடியசைப்பு வேண்டாம். பகல் நேரத்துப் பாசஞ்சர் ஒன்றில், வழக்கமான டிக்கெட்டில், ஆறு மாதம் ஓடட்டும். பிறகு அதில் ஒரு பெட்டியை அதே நிறத்தோடு வில்லிவாக்கம் பக்கத்து ரயில் மியூசியத்துக்குக் கொடுத்துவிடட்டும்.

அந்த மியூசியம் இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். பழைய மீட்டர்கேஜ் மின்சார வண்டியைக்கூட அங்கே வைத்திருக்கிறார்கள். பீச் - தாம்பரம் நடுவே 1931-லிருந்து ஓடிய பாதையின் வண்டி அது. பள்ளி விடுமுறையில் பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போகலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். வர விரும்புகிறவர்கள் செக்யூரிட்டி மேசையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதி வையுங்கள்.